ஒரு பெட்டியும் ஒரு பிறப்புப் பத்திரமும்: மலையகக் குடும்பமொன்றின் பிரசாவுரிமை வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இலங்கையிலே வழங்கப்படும் பிறப்பத்தாட்சிப் பத்திரமொன்றைக் கூர்ந்து நோக்குவோர், அதிலே குழந்தைக்கும் பெற்றோருக்கும் உரிய கூடுகளைத் தவிர வேறு இரு கூடுகளும் இருப்பதைக் காண்பர். பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றை ஒன்று கேட்கும். தந்தை இலங்கையிற் பிறவாதவராயிருந்து பூட்டனார் இங்கு பிறந்திருப்பாராயின் அப்பூட்டனாரின் விபரங்களை மற்றையது கேட்கும். பெரும்பாலானோர் இக்கூடுகளைப் பொருட்படுத்துவதில்லை. அவர்களுக்கு அவை இடர்ப்பாடின்றி நிரம்பிவிடுகின்றன. 1988ஆம் ஆண்டு மலைநாட்டுத் தோட்டமொன்றிலே பிறந்த எமது பத்திரத்தில் இரு கூடுகளிலும் பதிவாளர் மையினால் ஒவ்வொரு கோடு இழுத்திருக்கின்றார்.

அக்கோடுகளின் பொருள் யாது என்பதை நாம் நெடுங்காலம் ஆராயவில்லை. இலக்கிய வரலாறு பயின்றோர்க்கு இயல்பாயமைந்த ஒரு குறைபாடாக இதனைக் கொள்ளலாம். ஏட்டுச்சுவடியின் பாடபேதத்துக்காக நூலகந்தோறும் அலைபவர்கள் தம் வீட்டுப் பரணிலுள்ள காகிதத்தை வாசிப்பதில்லை. சில ஆண்டுகளின் முன் எமது தந்தையார் ஓர் அலுவலாக அரச அலுவலகமொன்றுக்குச் சென்றபோது, அங்கிருந்த எழுதுவினைஞர் அவரிடம், "உமது தகப்பனார் எப்பொழுது, எந்தச் சட்டத்தின் கீழ்ப் பிரசையானார்?" என்று வினவினார். எழுபதை அண்மித்த எமது தந்தையார் பதில் கூற முடியாது திரும்பி வந்தார். அன்றிரவு பாட்டனாரின் தகரப் பெட்டி பரணிலிருந்து இறக்கப்பட்டது. இக்கட்டுரை அப்பெட்டியிலிருந்து தொடங்குகின்றது.

பெட்டியைத் திறக்கும் முன் சட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியமாகும். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. அத்தேதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வமிசாவளிப் பிரசை எனக் கொள்ளப்பட வேண்டுமாயின், அவரது தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். இலங்கைக்கு வெளியே பிறந்தோருக்கு இந்நிபந்தனை மேலும் இறுக்கமானது. அத்தேதிக்குப் பின் பிறப்போருக்கோ தந்தை பிரசையாக இருத்தல் வேண்டும். மணவுறவிற் பிறந்தோரின் வமிசாவளிப் பிரசாவுரிமைக்குத் தாயின் பிறப்பு கணக்கில் எடுக்கப்படவில்லை. தாய்வழியாகவும் பிரசாவுரிமை இறங்கலாம் என்னும் திருத்தம் 2003ஆம் ஆண்டிலேதான் செய்யப்பட்டது. ஆகவே, எமது பத்திரத்திலுள்ள அவ்விரு கூடுகளும் வெறும் கூடுகளல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள், இந்நாட்டிற் பிறக்கும் ஒவ்வொரு சிசுவின் பத்திரத்திலும் குறுக்கி எழுதப்பட்டுள்ளன.

இச்சட்டத்தின் வர்க்க உள்ளடக்கம் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. அதனினும் ஆளும் வர்க்கத்தை அச்சுறுத்தியது, தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கிடைத்தமையாகும். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 7,80,000 பேராக, நாட்டின் சனத்தொகையிற் பத்திலொரு பங்குக்கும் அதிகமாக இருந்த மக்கட் கூட்டமொன்று, சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே நாடற்றதாக்கப்பட்டமைக்கு இனவாதம் மாத்திரமே காரணமென்று கூறுவது உண்மையின் ஒரு பகுதியைக் கூறுவதே. தொழிலாளரின் உழைப்பு வேண்டப்பட்டது. அவர்தம் வாக்கு வேண்டப்படவில்லை. கண்டிய விவசாயி தான் இழந்த நிலத்துக்குப் பொறுப்பாளியாகத் தோட்ட முதலாளியைக் காணாது தோட்டக் கூலியைக் காணுமாறு செய்யப்பட்டமையும் இதனுடன் இணைந்ததே. வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மாத்திரம் உரியதாக்கிய 1949ஆம் ஆண்டுச் சட்டத்துடன் இவ்வேலை நிறைவெய்தியது. இவை அரசமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கிலே 1953ஆம் ஆண்டு பிரித்தானியக் கோமறைக் கழகம் சட்டங்கள் செல்லுபடியாகும் எனத் தீர்த்தது.

எனினும் இத்தகைய பொது விளக்கங்களுடன் நாம் நின்றுவிடின், சட்டம் ஒரு மனிதன்மேல் எவ்வாறு இறங்கிற்று என்பதை அறியமாட்டோம். அரசு தனது வர்க்க நோக்கைப் பாராளுமன்றத்திலே முழக்கமாக வெளியிடுகின்றது. அலுவலகத்திலே அதனைத் தேதிகளாகவும் இடைவெளிகளாகவும் எழுத்துப் பிழைகளாகவும் நிறைவேற்றுகின்றது. பின்னதை வாசிப்பதற்குப் பெட்டிகள் தேவைப்படுகின்றன.

எமது பாட்டனார் 1916ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூர்ப் பகுதியிலே பிறந்தவர். 1925இல், ஒன்பது வயதிற் பெற்றோருடன் மண்டபம் முகாமுக்கு நடத்தி வரப்பட்டு, அங்கு தடுத்து வைக்கப்பட்டு, மருந்து நீரில் முழுக்காட்டப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேற்றப்பட்டவர். முகாமைப் பற்றி அவர் கூறியதாக வீட்டிலே எஞ்சியிருப்பது அந்நீரின் மணம் ஒன்றே. அவருடைய தம்பியார் 1928இல் பதுளை மாவட்டத் தோட்டமொன்றின் லயக் காம்பராவிலே பிறந்தார். அண்ணன் இந்தியாவிற் பிறந்தவர், தம்பி இலங்கையிற் பிறந்தவர் என்னும் இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது பின்னர் பயன்படும்.

பெட்டியிலே மிகப் பழைய காகிதம் 1940 யூன் மாதத் தேதியிட்ட பதவி நீக்கச் சீட்டு. தோட்டத்திலிருந்து விலகும் தொழிலாளிக்குத் துரையின் அலுவலகம் கொடுக்கும் இச்சீட்டின்றி வேறு தோட்டத்திலே பெயர் பதிதல் அரிது. முற்காலத்தில் 'துண்டு' என்றழைக்கப்பட்ட காகிதம் தொழிலாளியின் கடனைக் குறித்து, அக்கடனைச் செலுத்தும் வேறொரு துரையிடம் அவனைக் கைமாற்றுவதற்கான ஒரு விலைச்சீட்டாக இருந்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயின் துண்டு போன பின்னரும் துண்டின்றி நகர முடியாத நிலை போகவில்லை. அடுத்த காகிதம், 1941 நவம்பரில் வேறொரு தோட்டத்தின் செக்ரோலிலே அவர் பெயர் பதியப்பட்டமையை அத்தோட்ட அலுவலகம் பிற்காலத்தில் உறுதிப்படுத்தி வழங்கிய கடிதம். அதன்பின் யுத்தகால அரிசிக் கூப்பன்கள் சில. 1951 யூலையில் விண்ணப்பம் அனுப்பியமைக்கான பதிவுத் தபாற் பற்றுச்சீட்டு. 1956ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. 1969ஆம் ஆண்டு விண்ணப்பத்துக்கான ஏற்புச்சீட்டு. இவ்வளவே.

இங்கு செக்ரோல் என்பதைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். மலையகப் பேச்சுவழக்கிலே 'பேர்' என்பதற்கு ஒரு நாட் சம்பளம் என்பது பொருள். காலையிற் பெரட்டுக் களத்துக்குப் பிந்தி வந்தவனுக்கு அன்று பேர் இல்லை. குறித்த இறாத்தல் கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப்பேர். செக்ரோலில் எழுதப்பட்டது மனிதரின் பெயரென்று நாம் கருதுவோம். எழுதியவர்களோ அன்றைய உழைப்பின் கூலியையே எழுதினர். ஒரே தோட்டத்தில் நான்கு இராமசாமிகள் இருப்பின் கணக்கப்பிள்ளை அவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என இலக்கமிட்டார். கூலி பிழைபடாதிருக்க அதுவே போதும். ஒரு வர்க்கத்தின் பெயர்கள் அனைத்தும் அதனைச் சுரண்டிய நிறுவனத்தின் கணக்கேட்டிலே, அந்நிறுவனத்தின் தேவைக்காக, அதன் எழுத்துக்கூட்டலில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1949க்குப் பின் அரசு அதே வர்க்கத்திடம், "நீ யார் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா" என்றது. அத்தாட்சி துரையின் அலுமாரியில் இருந்தது. பாட்டனாருக்கோ 1940ஆம் ஆண்டுச் சீட்டில் வீட்டார் அழைத்த செல்லப்பெயரும், 1941ஆம் ஆண்டுப் பதிவிற் குலதெய்வத்தின் பெயரும் இருந்தன.

1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாக்கித்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, மணமானவர் 1946 சனவரி முதலாந் தேதிக்கு முந்திய ஏழாண்டுகளும், மணமாகாதவர் பத்தாண்டுகளும் இலங்கையிலே தொடர்ச்சியாக வதிந்திருத்தல் வேண்டும். பின்னரும் விண்ணப்பத் தேதி வரை வதிவு தொடர்ந்திருத்தல் வேண்டும். ஒரு தடவையிற் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத இல்லாமை தொடர்ச்சியைக் குலைக்காது. விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம். 1951 ஆகத்து 5ஆந் தேதியுடன் அது முடிவுற்றது. காங்கிரஸ் தலைமை ஆரம்பத்தில் இச்சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதை எதிர்த்துப் பின்னர் தன் நிலையை மாற்றிக்கொண்டமையால், இறுதி மாதங்களிலே விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். 1964 வரையிற் பிரசைகளாக ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மாத்திரமே. இச்சட்டத்துக்கு ஆதரவளித்தமையினாலேயே தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டு, 1949 இறுதியிற் சமஷ்டிக் கட்சி தோன்றியது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. மலையக மக்களின் உரிமை மறுப்பு வடபகுதி அரசியலின் ஒரு திருப்பமாக எமது பாடநூல்களில் இடம்பெறும் அளவுக்கு, மலையகத்தின் சொந்த வரலாறாக அவற்றில் இடம்பெறுவதில்லை.

1939இல் மணமுடித்த பாட்டனார் 1939 சனவரியிலிருந்து தமது வதிவை நிறுவ வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டுக் கடிதம் நான்கு வரிகள் கொண்டது. 1940 யூனுக்கும் 1941 நவம்பருக்கும் இடைப்பட்ட பதினேழு மாத காலத்தில் விண்ணப்பதாரர் இலங்கையில் வதிந்தார் என்பதற்குத் திருப்தியான சான்று காட்டப்படவில்லை என்பதே அதன் சாரம். காரணங் காட்டும்படி அதற்கு முன்னரே அறிவித்தல் வந்திருக்க வேண்டும். விசாரணையும் நடைபெற்றிருக்க வேண்டும். மேன்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கே செய்யப்படல் வேண்டும். நாளொன்றுக்குச் சில ரூபாய்களே ஊதியமாகப் பெற்ற ஒருவர் அங்கு செல்லவில்லை என்பதில் வியப்பில்லை.

அப்பதினேழு மாதங்களில் அவர் எங்கிருந்தார்? எமது குடும்பத்திலே இதற்கு ஒரு விடை வழங்கிவந்தது: தாயாரின் கருமாதிக்காக ஊருக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டுப் பின் திரும்பி வந்தார். விசாரித்த அதிகாரியும் இவ்வாறே ஊகித்திருப்பார் போலும். நாமும் இதனை ஐயுறவில்லை. ஐயம் எழுந்தது பெட்டிக் காகிதத்தினாலன்று, பொது வரலாற்றினால். 1939 ஆகத்து முதலாந் தேதி தொடக்கம் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்திருந்தது. அத்தடை நிலவிய காலத்தில் ஊருக்குப் போன ஒரு தோட்டத் தொழிலாளி மறுபடி கடல் கடந்து வருதல் எளிதன்று. இளம் மனைவியை இங்கு விட்டுவிட்டு அவர் அவ்வாறு போயிருப்பாரா? போயிருப்பின், எவ்வாறு திரும்பினார்?

இந்நிலையிற் பதவி நீக்கச் சீட்டின் தேதியை மீண்டும் நோக்கினோம். 1939 இறுதியிலிருந்து 1940 நடுப்பகுதி வரை மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் அலையாக எழுந்த காலம் அது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே பொலீசார் சுட்டதிற் கோவிந்தன் என்னுந் தொழிலாளி உயிரிழந்தார். அவ்வாண்டு ஏப்பிரல், மே மாதங்களில் சமசமாஜிகளின் தலைமையிலான தொழிற்சங்கத்தின் செல்வாக்கு ஊவாவிற் பரவி, வேவஸ்ஸத் தோட்டத்திற் போராட்டம் உச்சமடைந்தது. யூன் மாதத்தில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் கைது செய்யப்பட்டனர். தலைவர்கள் சிறைக்குச் சென்ற அதே மாதத்திலேயே பதுளை மாவட்டத்தில் எமது பாட்டனாரின் பேர் வெட்டப்பட்டிருக்கின்றது. இது தற்செயலாகவும் இருக்கலாம். தேதிகளின் பொருத்தத்தை மாத்திரம் கொண்டு முடிவுக்கு வருதல் ஆய்வு நெறியன்று.

பின்னர் கிடைத்த சான்று பாட்டனாரின் பெட்டியில் இருந்ததன்று. எமது அப்பாயி, அதாவது பாட்டியார், காலமானபோது அவரது சேலைகளுக்கிடையிற் கிடந்த ஒரு சுருக்குப் பையை எமது பெரியத்தை எடுத்து வைத்திருந்தார். வெற்றிலைப் பாக்குப் பை என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். பெட்டி இறக்கப்பட்ட செய்தி கேட்டு அவர் அதனைக் கொண்டு வந்தார். அதனுள் எட்டாக மடிக்கப்பட்ட காகிதமொன்று இருந்தது: ஒரு பெண் குழந்தையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம். குழந்தை பிறந்தது 1941 பெப்ரவரி, பதியப்பட்டது மார்ச்சு. எமது தந்தையாருக்கும் பெரியத்தைக்கும் முன்னர் இவ்வீட்டில் இன்னொரு குழந்தை பிறந்திருந்தது என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது. மூன்று வயதிற் காய்ச்சலினால் இறந்துபோன அக்குழந்தையைப் பற்றி அப்பாயி பேசியதேயில்லை எனப் பெரியத்தை கூறினார். இறந்த பிள்ளையின் காகிதத்தை ஏனைய காகிதங்களோடு வைப்பது ஆகாது என்னும் நம்பிக்கை இருந்திருக்கலாம். வேறு எவரும் தொடக்கூடாதென்ற எண்ணமாகவும் இருக்கலாம்.

அப்பத்திரத்திலே, பிறப்பை அறிவித்தவர் என்னுங் கூட்டில் பாட்டனாரின் பெயர் இருக்கின்றது. செல்லப்பெயரும் அன்று, குலதெய்வத்தின் பெயரும் அன்று, இரண்டையும் சேர்த்து எழுதிய பெயர். தகுதி: தந்தை. வதிவிடம்: பண்டாரவளைக்கு அண்மித்த ஒரு கிராமம், தோட்டமன்று. ஒரு கிராமத்திலே, பெரும்பாலும் சிங்கள விவசாயியொருவரின் காய்கறித் தோட்டத்தில், செக்ரோல் எதிலும் பேர் இல்லாது அவர் உழைத்திருக்கின்றார். இதனைக் கேட்ட பெரியத்தை, அப்பாயி எப்பொழுதும் இஞ்சியும் பீட்றூட்டும் பயிரிடும் விதம் அறிந்தவராயிருந்தது ஏனென்று இன்றுதான் விளங்குகின்றது என்றார். வேலைநிறுத்தத்திலே சேர்ந்து வெளியேற்றப்பட்டவர்களை வேறு தோட்டங்கள் ஏற்காது விட்டமை அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. நிரூபணம் முழுமையன்று, ஆயினும் ஊருக்குப் போன கதையை விட இது சான்றுகளோடு நெருங்கிப் பொருந்துகின்றது. அக்கதையைப் பரப்பியவரும் பாட்டனாராகவே இருத்தல் கூடும். 1951இல் விண்ணப்பதாரர் ஒருவர், தாம் வேலைநிறுத்தஞ் செய்து வெளியேற்றப்பட்டவர் என்று கூறுவதிலும், தாயின் கருமாதிக்குச் சென்றதாகக் கூறுவதே பத்திரமானது என்று கருதியிருப்பார். பத்திரமானது என்று அவர் கருதிய பொய்யே அவரைத் தோற்கடித்தது.

சட்டத்தின் எழுத்தின்படி நோக்கினும் இப்பத்திரத்தின் பெறுமதி பெரிது. 1940 யூன் முதல் 1941 மார்ச்சு வரை ஒன்பது மாதங்கள். மார்ச்சு முதல் நவம்பர் வரை எட்டு மாதங்கள். மார்ச்சிலே அவர் இலங்கையில் நின்று ஒரு பதிவாளர் முன்னிலையிற் பிறப்பை அறிவித்திருக்கின்றார். ஆகவே, மிகுதிக் காலம் முழுவதையும் அவர் இந்தியாவிற் கழித்தார் என்றே அதிகாரி வாதிட்டிருப்பினும், எந்த ஒரு இல்லாமையும் பன்னிரண்டு மாதங்களைத் தாண்டியிராது. தொடர்ச்சி குலையவில்லை. 1956ஆம் ஆண்டுக் கடிதத்திற் கூறப்பட்ட காரணத்துக்கு முழுமையான மறுமொழி, அக்கடிதம் கிடைத்த அதே காம்பராவிலே, பாட்டனார் படுத்த இடத்திலிருந்து சில அடி தூரத்தில் ஒரு சுருக்குப் பைக்குள் இருந்தது.

அப்பாயி அதனை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பது எளிது. அவரிடம் எவரும் கேட்கவில்லை என்பதே சரியான விடையாகலாம். விண்ணப்பத்தை நிரப்பியவர், சான்று தேடியவர், விசாரித்தவர் யாவரும் ஆண்கள். அவர்கள் தேடியவை செக்ரோல், சீட்டு, துரையின் கடிதம் என்னும் உழைப்புச் சந்தையின் காகிதங்கள். ஒரு தாயிடமுள்ள குழந்தையின் காகிதம் வதிவுக்குச் சான்றாகும் என்று எவரும் நினைக்கவில்லை. இதனோடு வேறொன்றையும் சொல்லவேண்டும். அப்பாயி 1921இல் இலங்கையிலே பிறந்தவர். அவர் தந்தையாரும் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை நடப்பட்ட காலத்தில் இங்கேயே பிறந்தவர் என்பது அவர் கூற்று. அது உண்மையாயின் 1948 நவம்பர் 15ஆந் தேதி முதல் அப்பாயி வமிசாவளிப் பிரசை. தந்தையாரின் பிறப்புக்குப் பத்திரம் இல்லாமையால் அதனை அவர் நிறுவியிருக்க முடியாது. நிறுவியிருப்பினும், தம் பிள்ளைகளுக்கு அவ்வுரிமையைக் கடத்த அவரால் முடிந்திராது. தந்தைவழியையே கண்ட சட்டம் அது. பிரசையான தாய் பெற்ற பிள்ளை நாடற்றதாய்ப் பிறக்கலாம் என்பதில் அச்சட்டத்தை ஆக்கியோர் முரண்பாடெதனையும் காணவில்லை.

பிந்திய வரலாற்றை விரைந்து கூறலாம். இந்தியா பாட்டனாரைத் தன் பிரசையாகக் கொள்ளவில்லை. இந்திய அரசமைப்பின் 8ஆம் உறுப்புரையின்படி வெளிநாடுகளில் வதியும் இந்திய வமிசாவளியினர் இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பித்துப் பதிந்துகொண்டாலன்றிப் பிரசைகளாகார். அவர் பதியவில்லை. ஆகவே இரு நாடுகளும் அவரைப் பற்றிப் பேசின. ஒன்றேனும் அவரைத் தன்னவர் எனக் கூறவில்லை. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 1948இலே பிரசாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சி, 1964இல் இவ்வொப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட வேளையில் அரசாங்கத்தின் பங்காளியாக இருந்தது. இடதுசாரி மரபில் நின்று எழுதும் எம்மால் இதனை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்க முடியாது. 1940இல் எவர் பின்னால் நின்று பாட்டனார் பேர் இழந்தார் என நாம் கருதுகின்றோமோ, அவர்கள் அமர்ந்திருந்த அரசாங்கமே அவரை 9,75,000இல் ஓர் எண்ணாக்கியது. இதற்குத் தனிநபர் துரோகம் என்ற விளக்கம் போதாது. வாக்கில்லாத தொழிலாளியைப் பாராளுமன்றப் பாதையில் நடந்த கட்சி காலப்போக்கிற் காணாது விட்டமை, அப்பாதையின் தருக்கத்தோடு இணைந்த ஒன்று.

பாட்டனார் 1969இல் இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தார். தம்பியார் இந்தியப் பிரசாவுரிமைக்கு. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது விருப்பு வெறுப்பினாலன்று. ஒரு பக்கம் மூடினால் மறுபக்கமாவது திறந்திருக்கட்டும் என்னும் தோட்டத்துக் கணக்கு அது. ஏழு பேர் இந்தியாவுக்குச் சென்றால் நால்வருக்கு இலங்கைப் பிரசாவுரிமை என்னும் விகிதம் நடைமுறையிலிருந்தது. 1973இல் தம்பியார் தலைமன்னாரிலே கப்பலேறியபோது, அவ்வெழுவரில் ஒருவராக எண்ணப்பட்டிருப்பார். அந்நால்வரில் அண்ணன் ஒருவராக வரவில்லை. இலங்கையிற் பிறந்து இந்தியாவைக் கண்ணாற் காணாதிருந்த தம்பியார், தமிழ்நாட்டிலே 'தாயகம் திரும்பியோர்' என்னும் பெயருடன் மண்டபம் முகாமிற் பதியப்பட்டு, நீலகிரியிலே அரச தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். இந்தியாவிலே பிறந்த அண்ணன் 'நாடற்றவர்' என்னும் பெயருடன் ஊவாவிலே எஞ்சினார்.

1985ஆம் ஆண்டு பாட்டனார் காலமானார். 1969ஆம் ஆண்டு விண்ணப்பத்துக்கு முடிவு கூறும் காகிதம் எதுவும் பெட்டியில் இல்லை. ஒப்பந்தத்தின் காலம் 1981 ஒக்டோபரிலேயே முடிந்துபோயிருந்தது. மரணப் பத்திரத்தில் இனம் என்னுங் கூட்டில் இந்தியத் தமிழர் என்றிருக்கின்றது. எந்நாட்டுப் பிரசை எனக் கேட்கும் கூடு அதில் இல்லை. அவர் இறந்த மறுவருடம் 1986ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டமும், அதன்பின் 1988ஆம் ஆண்டு 39ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. பின்னதன் கீழ் எமது தந்தையார் ஒரு சத்தியக் கடதாசியின் பேரிற் பிரசையானார். தந்தை இரண்டு தசாப்தங்களாகக் காகிதம் தேடி நிரூபிக்க முடியாததை, மகன் ஒரே பக்கத்திற் கூறியதும் அரசு நம்பிற்று. இதற்கு அரசின் மனமாற்றம் காரணமன்று. வடக்கில் ஆயுதப் போராட்டம் மூண்டு, மலையக இளைஞரும் அதன்பாற் செல்வரோ என்ற அச்சம் நிலவிய காலத்தில், மலையக வாக்குகள் பாராளுமன்றக் கணக்கில் மீண்டும் பெறுமதி பெற்றிருந்தன. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதிந்தோரும் அவர் வழித்தோன்றல்களும் அதனாற் பிரசைகளாயினர். இறந்தோரை அச்சட்டங்களுள் எதுவும் கருதவில்லை.

எழுதுவினைஞரின் வினாவுக்கு இப்பொழுது விடை கூற முடிகின்றது. எமது பாட்டனார் எந்தச் சட்டத்தின் கீழும், எந்த ஆண்டிலும் பிரசையாகவில்லை. அறுபது ஆண்டுகள் இந்நாட்டிலே உழைத்து, நாடற்றவராகவே புதைக்கப்பட்டார். இவ்விடையைத் தந்தையார் ஒரு தாளில் எழுதி அலுவலகத்திற் கொடுத்தார். அங்கு அது தேவைப்படவில்லை. வேறு அதிகாரி இருந்தார், தந்தையாரின் சொந்தப் பதிவுச் சான்றிதழே போதுமென்று கூறி அலுவலை முடித்துவிட்டார்.

பெரியத்தை சுருக்குப் பையைத் திரும்பக் கொண்டுபோனார். பத்திரத்தை மாத்திரம் எம்மிடம் விட்டுச் சென்றார். அது இப்பொழுது பெட்டியிலே, 1956ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு மேலே வைக்கப்பட்டிருக்கின்றது.